எந்த லேனிலும் நம்பிப் போடக்கூடிய பந்து எது?

கேட்டவர் சொன்ன விவரம் இது. அமெரிக்காவில் இருக்கிறார், வாரத்துக்கு ஒரு நாள் பவுலிங் லீக் ஆடுகிறார். லேன் என்ற நீண்ட தடத்தில் பந்தை உருட்டி, முனையில் நிற்கும் பத்து பின்களைச் சாய்க்கும் ஆட்டம் அது. வலது கை, பெருவிரலைப் போட்டு வீசுகிற வழக்கமான பாணி, சராசரி ஒரு ஆட்டத்துக்கு 165 புள்ளி போல. கையில் இருப்பது 15 பவுண்டில் ஒரு பளபளப்பான பேர்ல் ரியாக்டிவ் பந்து (ரியாக்டிவ் என்பது தரையைப் பிடித்துத் திரும்பும் ரெசின் தோல், பேர்ல் என்பது அதில் மைக்கா துகள் கலந்த வகை). ஒரு நாள் அது அழகாக பாக்கெட்டில், அதாவது முன்னால் நிற்கும் ஹெட் பின்னுக்கும் அதன் வலப் பக்கத்துப் பின்னுக்கும் நடுவில், போய் விழுகிறது. மறு வாரம் அதே இடத்தில் நின்று லேனில் இருக்கும் அதே அம்புக்குறியைப் பார்த்துப் போட்டால் ஹெட் பின்னைக் கடந்து இடது பக்கம் ஓடிவிடுகிறது, இல்லையென்றால் திரும்பாமலே வலது ஓரத்தில் போய்விடுகிறது. வேறு பவுலிங் சென்டருக்குப் போனால் இன்னும் திண்டாட்டம். லேனில் பூசும் ஆயில் எப்படி இருந்தாலும் முரண்டு பிடிக்காமல், மென்மையாக, ஒரே மாதிரி வளைகிற பந்து ஒன்று சொல்லுங்கள் என்கிறார்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சாலிட் வகை (மைக்கா கலக்காத) ரியாக்டிவ் கவர்ஸ்டாக், அதாவது வெளித்தோல்; சிமெட்ரிக் கோர், அதாவது உள்ளே சமச்சீரான எடைக் கட்டி; டிஃபரன்ஷியல் என்ற எண் (பின்னால் விளக்குகிறேன்) ஏறக்குறைய 0.030க்கும் 0.050க்கும் நடுவில்; மேற்பரப்பு பாலிஷ் போடாமல் 2000 முதல் 4000 கிரிட் வரை (தேய்க்கும் தகட்டின் சொரசொரப்பு எண்) தேய்த்தது. இந்த நான்கும் சேர்ந்த பந்து எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் உங்களுக்குப் பொருந்தும். பெயர்களைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லா லேனிலும் ஒரே மாதிரி போகிற பந்து உலகத்தில் கிடையாது. லேன் மாறும்போது எது கொஞ்சமாக மாறுகிறது என்றுதான் தேட வேண்டும். அந்தக் குணத்தில் பெரும்பங்கு பந்தின் தோலில் இருக்கிறது. கடைக்காரர்கள் கோர் படத்தைக் காட்டித்தான் விற்பார்கள். உள்ளே இருக்கும் அந்த வண்ண உருவம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தரையைத் தொடுவது வெளித்தோல் மட்டுமே. அதை உங்கள் கையாலேயே மாற்றவும் முடியும்.

முதலில் உங்கள் பேர்ல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். பந்தை விடும் இடத்துக் கோடான ஃபவுல் லைனிலிருந்து ஹெட் பின் வரை 60 அடி. அகலம் 41½ அங்குலம், அதில் 39 போர்டுகள் (நீளவாக்கில் ஓடும் பலகைக் கீற்றுகள்). ஆயில் முழு நீளத்துக்கும் இருக்காது. வழக்கமான லீக் ஆயிலில் 38 முதல் 42 அடி வரைதான் இருக்கும், அதற்கப்புறம் காய்ந்த தரை. குறுக்கே பார்த்தாலும் சமமாக இருக்காது. ஹவுஸ் ஷாட் என்று சொல்லும் அமைப்பில் நடுவில் ஆயில் தடிமனாகவும் இரண்டு ஓரத்திலும் மெல்லியதாகவும் இருக்கும். ஆடுகிறவர்களுக்கு உதவி செய்யவே அப்படி. பந்து கொஞ்சம் வெளியே போனால் காய்ந்த ஓரம் அதைத் திருப்பி அனுப்பும், உள்ளே போனால் நடு ஆயில் அதைப் பிடித்து வைக்கும்.

பந்து போகும் வழியில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு தரையைப் பிடித்துத் திரும்பும். கடைசியில் திரும்புவது நின்று நேராக உருளும். பாலிஷ் போட்ட பேர்ல் முதல் கட்டத்தை நீட்டி, இரண்டாவது கட்டத்தை அவசரமாக முடிக்கும். ஆயிலில் அது தரையையே உணராது. காய்ந்த இடத்தைத் தொட்டதும் தேக்கி வைத்த சக்தியையெல்லாம் ஒரே மூச்சில் காட்டும். ஹவுஸ் ஷாட்டில் ஆயிலும் வறட்சியும் பக்கத்துப் பக்கத்துப் போர்டில் இருப்பதால் உதவியாக இருக்க வேண்டிய அமைப்பே உபத்திரவமாகிவிடுகிறது. இரண்டு போர்டு வெளியே போனால் அதிகமாகத் திரும்பி ஹெட் பின்னைத் தாண்டும், இரண்டு போர்டு உள்ளே போனால் திரும்பவே திரும்பாது. உங்கள் கை பெரிதாகத் தவறவில்லை. சின்னத் தவறைப் பந்து பெரிதாக்கிக் காட்டுகிறது.

சாலிட் பந்தின் தோலில் பேர்லில் இருக்கும் மைக்கா துகள் இருக்காது. அதைத் தேய்த்தும் விட்டால் மேலே நுண்ணிய கீறல்கள் இருக்கும். ஆயில் இருக்கும்போதே அந்தக் கீறல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையைப் பிடிக்கும். அதனால் பந்து முன்னதாகவே வேகம் குறைந்து, நடுப்பகுதியிலேயே திரும்பத் தொடங்கி, வில் மாதிரி நீளமாக வளையும். காய்ந்த இடத்துக்கு வரும்போது அதனிடம் மிச்சமிருக்கும் சக்தி குறைவு, ஆகவே அங்கே துள்ளாது. ஈரமும் வறட்சியும் அதற்கு அவ்வளவு வேறாகத் தெரியாது. மென்மையான, கட்டுப்பாடான வளைவு என்று பவுலர்கள் சொல்வது இதைத்தான்.

மேற்பரப்புதான் ராஜா என்பதற்கு இந்த விளையாட்டின் வரலாறே சாட்சி. ரப்பர் பந்துகளும் பின்னர் பாலியஸ்டர் (பிளாஸ்டிக்) பந்துகளும் இருந்த காலத்தில், 1973ல் டான் மக்கூன் என்ற அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் பிளாஸ்டிக் பந்தை எம்.இ.கே. என்ற கரைப்பானில் ஊறவைத்துத் தோலை மென்மையாக்கினார். அந்த ஆண்டு ஆறு பட்டங்களை வென்று, ஆண்டின் சிறந்த வீரராகவும் ஆனார். உள்ளே ஒன்றையும் மாற்றவில்லை, தோலை மட்டும்தான் மாற்றினார். பந்தின் கடினத்தன்மைக்குக் குறைந்தபட்ச அளவு வைத்து விதி வந்ததே அதன் பிறகுதான். 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் வந்தது, 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் வந்தது. இந்த ஒவ்வொரு பாய்ச்சலும் தோலில் நடந்தது.

சரி, கோருக்கு வருவோம். பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஆர்.ஜி.: பந்து எவ்வளவு சீக்கிரம் முழுச் சுழற்சிக்கு வரும் என்பதைச் சொல்வது. அமெரிக்க பவுலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி. அனுமதிக்கும் எல்லை 2.46 முதல் 2.80 வரை. எண் குறைந்தால் பந்து சீக்கிரம் உருளத் தொடங்கும். மற்றொன்று டிஃபரன்ஷியல். இதன் உச்சவரம்பு 0.060. 2016ல் மோட்டிவ் நிறுவனத்தின் ஜாக்கல் பந்துகள் இந்த எண்ணைத் தாண்டியதாகத் தெரிய வந்ததும், வாங்கிப் பலர் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பந்துகளின் அனுமதியையே திரும்பப் பெற்றார்கள். அந்த அளவுக்கு இது முக்கியமான எண்.

டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது என்பதை உங்கள் பந்திலேயே பார்க்கலாம். ஒரு முறை போட்டுவிட்டு, திரும்பி வரும் பந்தைத் துடைக்காமல் விளக்குக்குக் கீழே பிடியுங்கள். தோலில் ஆயில் வளையங்கள் தெரியும். இரண்டு இடங்களில் எல்லாம் ஒன்றாகக் கூடி, அங்கிருந்து விரிந்துகொண்டே போகும். பந்து ஒவ்வொரு சுற்றுக்கும் அச்சு கொஞ்சம் நகர்ந்து, ஆயில் படாத புதுத் தோலைத் தரையில் வைப்பதால் வரும் கோடுகள் அவை. 0.055 பந்தில் வளையங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி இருக்கும், 0.030 பந்தில் நெருக்கமாக, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல இருக்கும். புதுத் தோல் அதிகமாகத் தரையில் பட்டால் பிடிமானம் அதிகம். லேனில் எங்கே காய்ந்திருக்கிறதோ அங்கே பந்து காட்டும் எதிர்வினையும் அதிகம். கட்டுப்பாடு வேண்டுமென்றால் நடுத்தரமான எண் போதும்.

ஏசிமெட்ரிக் (சமச்சீரற்ற) கோர் உள்ள பந்துகள் திரும்பும் கட்டத்தைச் சட்டென்று முடித்துவிடும். தடித்த ஆயிலில் பலமான பந்து வேண்டும் என்கிற நாளில் அவை நல்லவை. முதல் நம்பிக்கைப் பந்தாக நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

இப்போது பெயர்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் 15 பவுண்டுக்கானவை. 14க்கு இறங்கினால் பல பந்துகளில் ஆர்.ஜி.யும் டிஃபரன்ஷியலும் மாறும், அதை நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ம் ஃபேஸ் டூ: ஆர்.ஜி. 2.48, டிஃபரன்ஷியல் 0.051, சாலிட் தோல், 3000 கிரிட். நான் சொன்ன எல்லையின் மேல் விளிம்பில் நிற்கிறது. ஆனால் தோலும் தேய்ப்பும் சேர்ந்து அதை அடக்கி வைக்கின்றன. பல வருடங்களாக ஆட்டக்காரர்கள் பையிலிருந்து முதலில் எடுக்கும் பந்து என்ற பெயர் இதற்கு உண்டு. ஆயில் கொஞ்சம் கூடுதலாகப் போடும் சென்டர் என்றால் இதுதான் என் தேர்வு.

அதே நிறுவனத்தின் ஐ.க்யூ. டூர்: 2.49, 0.029, சாலிட், 4000 கிரிட். வளையங்கள் நெருக்கமாக விழும் பந்து. வளைவின் அளவு குறைவு, ஆனால் சொன்ன இடத்தில் திரும்பும். மோட்டிவ் வெனம் ஷாக்கும் ஏறக்குறைய இதே குடும்பம்: 2.48, 0.034, சாலிட், 4000 கிரிட். காய்ந்த லேனிலும், கையில் சுழற்சி அதிகம் உள்ளவர்களுக்கும் இந்த இரண்டும் ஃபேஸ் டூவை விட ஒத்துவரும்.

ஸ்டார்ம் ஹை ரோடு, 2008லிருந்து பெயர் வாங்கிய பந்து. 2.57, 0.046, ஹைபிரிட் (சாலிடும் பேர்லும் கலந்த) தோல், பாலிஷ். ஹவுஸ் ஷாட்டுக்கு அருமையாக இருக்கும், எனக்கு மிகவும் பிடித்த பந்துகளில் ஒன்று. ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு பளபளப்பான பந்து இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று வேண்டாம்.

இவற்றில் எது இன்றைக்குக் கடையில் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். பந்துகள் சீக்கிரம் சந்தையிலிருந்து போய்விடும். இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். முதலில் சொன்ன நான்கு குணங்களைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள், அதற்குச் சமமான ஒன்று ஹாமர், பிரன்ஸ்விக், ட்ராக், ரோட்டோ கிரிப் என்று எல்லாரிடமும் ஏதாவது ஒரு வரிசையில் இருக்கும். கடைக்காரர்கள் இதை பெஞ்ச்மார்க் பந்து என்பார்கள். அந்தச் சொல்லைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

இனி எந்தப் பந்து என்பதை முடிவு செய்ய உங்கள் கையைப் பற்றி இரண்டு எண்கள் தேவை. இரண்டையும் போனை வைத்தே எடுக்கலாம். பந்து ஃபவுல் லைனைத் தாண்டுவதிலிருந்து ஹெட் பின்னைத் தொடும்வரை எத்தனை நொடி என்று வீடியோவில் பாருங்கள். 41ஐ அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்பது ஏறக்குறைய வந்துவிடும். 2.4 நொடி என்றால் 17 மைல், 2.6 நொடி என்றால் 15.8. அடுத்து, பந்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் யாரையாவது பின்னாலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள். கையை விட்டதும் அந்த டேப் ஒரு முழுச் சுற்று சுற்றி அதே இடத்துக்கு வர எத்தனை ஃப்ரேம் என்று எண்ணி, 14,400ஐ அதனால் வகுங்கள். 48 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்கு 300 சுற்று. 60 ஃப்ரேம் என்றால் 240.

17 மைல் வேகத்துக்கு 300 முதல் 350 சுற்று என்பது பொதுவாகப் பொருத்தமான ஜோடி. உங்களுக்கு வேகம் 17, சுற்று 240 என்று வந்தால் வேகம் சுழற்சியை மிஞ்சுகிறது. பந்து திரும்ப நேரமே கிடைக்காது. ஃபேஸ் டூ மாதிரி ஒன்றை 2000 கிரிட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 15, சுற்று 350 என்று வந்தால் நேர்மாறு: எந்தப் பந்தும் சீக்கிரம் திரும்பிவிடும். ஐ.க்யூ. டூர் அல்லது வெனம் ஷாக்கை 4000 கிரிட்டில் வைப்பதுதான் சரி. இந்த எண்கள் தெரியாமல் இணையத்தில் பந்துக் காணொளி பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை. அதில் போடுகிறவர்கள் பலர் 400 சுற்றுக்கு மேல் போடுகிறவர்கள். அவர்கள் கையில் மென்மையாக வளையும் பந்து உங்கள் கையில் நேராகவே போகலாம்.

மேற்பரப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பந்தை வாங்குகிற பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். புதுப் பந்து 3000 கிரிட் என்று பெட்டியில் இருந்தால், அது முதல் நாள் கணக்கு. ஒவ்வொரு முறை லேனில் போகும்போதும் தரை அதை மெருகேற்றுகிறது. சில லீக் இரவுகள் கழித்துப் பந்தை விளக்கொளியில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஆயில் வளையங்கள் ஓடும் இடம் மட்டும் ஒரு பட்டையாகப் பளபளக்கும்; மற்ற இடமெல்லாம் மங்கலாகவே இருக்கும். அந்தப் பட்டைதான் தரையைத் தொடும் பகுதி. அங்கே கீறல்கள் மழுங்கிப் போயிருப்பதால் பந்து முன்பை விட வழுக்கி, பின்பகுதியில் துள்ளத் தொடங்கும். பந்து செத்துப்போச்சு, மாற்ற வேண்டும் என்று நினைப்பார்கள். பத்து நிமிடம் தேய்த்தால் பழைய குணம் திரும்பிவிடும்.

தேய்ப்பதற்கு அப்ரலான் என்று சொல்லும் வட்டப் பஞ்சுத் தகடுகள் கிடைக்கும். 500, 1000, 2000, 3000, 4000 என்று எண்ணிட்டிருக்கும். எண் சின்னதாக இருந்தால் சொரசொரப்பு அதிகம், பந்து சீக்கிரம் பிடிக்கும். உங்களுக்கு 1000, 2000, 3000 மூன்றும் போதும். ஒரு துண்டை வளையமாகச் சுருட்டி, பந்தை அதன் மேல் வையுங்கள். தகட்டைத் தண்ணீரில் நனைத்து, ஒரே அழுத்தத்தில் வட்டமாக, ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் போலத் தேய்க்க வேண்டும். பிறகு பந்தைத் திருப்பி அடுத்த பக்கம். இப்படி ஆறு பக்கமும் முடித்தால் முழுத் தோலும் வந்துவிடும். நடுவில் ஈரத்துணியால் துடைத்து, வெள்ளையாக வரும் சேற்றை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவே தோலில் கோடு போடும். 2000க்கு வர வேண்டுமென்றால் முதலில் 1000, அப்புறம் 2000. பழைய மெருகை உடைக்காமல் நேராக மெல்லிய தகட்டைப் போட்டால் மேலோட்டமாகத்தான் படும். ஸ்பின்னர் இயந்திரம் உள்ள கடையில் கொடுத்தால் இன்னும் சீராக வரும். ஆனால் கையால் செய்வதும் நல்ல வேலைதான். வாரத்துக்கு ஒருமுறை 3000 தகட்டால் லேசாக ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டால் பந்து எப்போதும் ஒரே நிலையில் இருக்கும். மென்மையான வளைவு வேண்டும் என்பவருக்கு இந்தப் பழக்கம் புதுப் பந்தை விடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஒன்றை நினைவில் வையுங்கள்: யு.எஸ்.பி.சி. அங்கீகாரம் பெற்ற போட்டியில் ஆட்டம் தொடங்கிய பிறகு தோலைத் தேய்க்கக் கூடாது. தேய்ப்பதெல்லாம் முன்னதாக வீட்டிலோ கடையிலோ முடித்துவிட வேண்டும்.

தேய்த்த பந்து ஆயிலை வேகமாக உறிஞ்சும். ஆகவே ஒவ்வொரு வீச்சுக்கும் முன் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஆட்டம் முடிந்து பந்து இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கிளீனர் போட்டுத் துடைத்துவிட்டால், உள்ளே இறங்கப் பார்க்கும் ஆயில் வெளியே வந்துவிடும். காரின் டிக்கியில் வெயிலில் பந்தை விட்டுவைக்காதீர்கள்.

துளை போடும் முறைக்கு வருகிறேன். கடையில் உங்கள் அச்சுப் புள்ளியை அளக்கச் சொல்லுங்கள். பந்து கையை விட்டதும் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அதுதான் அச்சுப் புள்ளி. பந்தின் ‘பின்’ குறியிலிருந்து (கோரின் உச்சி எங்கே என்று தோலில் காட்டும் சின்னப் புள்ளி, சாய்க்கும் பின் அல்ல) அது எவ்வளவு தூரத்தில் அமைகிறது என்பதைப் பொறுத்து வளையங்களின் விரிவு மாறும். 3⅜ அங்குலத்தில் விரிவு உச்சம். கட்டுப்பாடு வேண்டுமென்றால் 4½ முதல் 5 அங்குலம் வரை தள்ளிவைக்கச் சொல்லலாம். பின் குறி விரல் துளைகளுக்கு மேலே இருந்தால் பந்து நீளமாகப் போய்ச் சட்டென்று திரும்பும், கீழே இருந்தால் முன்னதாக உருண்டு மெதுவாக வளையும். உங்களுக்குக் கீழே, அல்லது விரல்களுக்குப் பக்கத்தில். முன்பு சமநிலைத் துளை என்று ஒன்று கூடுதலாகப் போட்டு விரிவை மாற்றுவார்கள். 2020 ஆகஸ்ட் முதல் யு.எஸ்.பி.சி. அதை அனுமதிப்பதில்லை. ஆகவே முதல் தடவையே சரியாகப் போட்டுவிட வேண்டும்.

இந்தக் கணக்கையெல்லாம் விடப் பெரிய விஷயம் பெருவிரல் துளையின் அளவு. தளர்வாக இருந்தால் பந்து விழுந்துவிடுமோ என்று கை தானாக இறுக்கிப் பிடிக்கும். இறுக்கினால் ஒவ்வொரு வீச்சிலும் பந்து வேறு வேறு நேரத்தில் கையை விடும், சுழற்சியும் மாறும். எவ்வளவு அருமையான பந்தும் அப்போது தாறுமாறாகத்தான் தெரியும். இறுக்காமலே பந்து கையில் தொங்க வேண்டும். கீழே கொண்டுவரும்போது தானாக வழுக்கி வெளியே வர வேண்டும். விரல் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு இருக்கும் என்பதால் துளைக்குள் ஒட்டும் டேப் எப்போதும் பையில் இருக்கட்டும்.

மென்மை என்று சொன்னாலே சிலர் யூரித்தேன் வாங்கு என்பார்கள். யூரித்தேன் மிக முன்னதாகத் தரையைப் பிடித்து மிகச் சீராக வளைவது உண்மை. குட்டையான ஆயிலில், சுழற்சி மிக அதிகமுள்ள இரண்டு கை ஆட்டக்காரர்களிடம் அது அற்புதமாக வேலை செய்யும். ஆனால் அது ரியாக்டிவ் அளவுக்கு ஆயிலை உறிஞ்சாது, முன்னால் தள்ளிக்கொண்டே போகும். இரண்டு ஆட்டம் கழித்துக் காய்ந்திருக்க வேண்டிய பின்பகுதியில் ஆயில் படிந்து, பந்து திரும்பாது. 250, 300 சுற்றுள்ளவருக்கு யூரித்தேன் பின்களைச் சேரும்போது சக்தியின்றிப் போகும். பழைய யூரித்தேன் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கப் போனால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 2016, 2017ல் தயாரான பர்ப்பிள் ஹாமர் பந்துகளின் அனுமதியை யு.எஸ்.பி.சி. 2022ல் திரும்பப் பெற்றுவிட்டது. உங்களுக்கு இது இப்போது வேண்டாம்.

மென்மைக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். பாக்கெட் என்பது வலது ஓரத்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 17½வது போர்டு. அங்கே ஆறு பாகை அளவுக் கோணத்தில் பந்து நுழைந்தால் ஸ்ட்ரைக் (பத்து பின்னும் ஒரே வீச்சில்) விழும் வாய்ப்பு மிக அதிகம் என்று யு.எஸ்.பி.சி. ஆய்வுகளில் தெரிந்தது. மெதுவாக வளையும் பந்து அதை விடச் சின்னக் கோணத்தில் நுழையும். அதனால் வலது கோடியில் இருக்கும் பத்தாம் நம்பர் பின் விழாமல் நிற்பது கூடும். அப்போது அதற்கு முன்னால் இருக்கும் ஆறாம் பின்னைக் கவனியுங்கள். அது பத்தாம் பின்னைச் சுற்றித் தாண்டிப் பறந்தால் உங்கள் பந்தில் குறையில்லை, கொஞ்சம் நிற்கும் இடத்தை மாற்றினால் போதும். ஆறாம் பின் சோம்பலாகச் சாய்ந்து ஓரக் கால்வாயில் படுத்துக்கொண்டால், பந்து சக்தியை முன்னாலேயே செலவு செய்துவிட்டது என்று பொருள். கால்களை இரண்டு போர்டு இடப்பக்கம் நகர்த்தி, பார்க்கும் இடத்தை ஒரு போர்டு இடப்பக்கம் நகர்த்துங்கள். வாரக்கணக்கில் இதே கதை என்றால் 2000லிருந்து 3000க்கு, 3000லிருந்து 4000க்கு ஒரு படி ஏறுங்கள். துல்லியம் கிடைத்த பிறகு கோணத்தைச் சேர்ப்பது எளிது, கோணத்தை வைத்துக்கொண்டு துல்லியத்தைத் தேடுவது கடினம்.

ஸ்போர்ட் ஆயில் என்ற கடினமான போட்டி அமைப்பில் என்றாவது ஆடப் போனால் இந்தப் பந்தின் அருமை அங்கேதான் தெரியும். ஹவுஸ் ஷாட்டில் நடுவில் இருக்கும் ஆயில் ஓரத்தைப் போல எட்டு, பத்து மடங்குகூட இருக்கலாம். ஸ்போர்ட் ஆயிலில் அது மூன்று மடங்கைத் தாண்டாது. வெளியே தவறினால் திருப்பி அனுப்ப ஓரம் இல்லை, உள்ளே தவறினால் பிடித்து வைக்க மேடு இல்லை. அங்கே துள்ளுகிற பந்து எங்கே திரும்பும் என்று யூகிக்கவே முடியாது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், ஆயிலின் நீளத்திலிருந்து 31ஐக் கழியுங்கள். வருகிற எண்தான் ஆயில் முடியும் இடத்தில் பந்து இருக்க வேண்டிய போர்டு. 35 அடி என்றால் 4வது போர்டு, 40 அடி என்றால் 9, 43 அடி என்றால் 12. இது தொடக்கத்துக்கான கணக்குத்தான், நாலு வீச்சில் பந்தே மீதியைச் சொல்லிவிடும். மெதுவாக வளைகிற பந்து இன்று லேன் எப்படி என்பதைத் தெளிவாகச் சொல்லும்.

உங்கள் பேர்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது. லீக் இரவில் முதல் ஆட்டத்தைப் புது சாலிட் பந்தில் தொடங்குங்கள். எல்லாரும் ஒரே பாதையில் போடுவதால் ஆயில் குறைந்துகொண்டே வரும், பந்து முன்னதாகத் திரும்பத் தொடங்கும். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போங்கள். நகர்ந்தும் பந்து பாதியிலேயே களைத்து, ஆறாம் பின் கால்வாயில் படுக்க ஆரம்பித்தால் அப்போது பேர்லை எடுங்கள். முன்பகுதி காய்ந்த அந்த நேரத்தில் அதன் வழுக்கும் குணம் தேவைப்படும். ஓரத்தை விட்டு உள்ளே நின்று போடுவதால் அந்தத் துள்ளலும் அளவோடு இருக்கும். ஸ்பேருக்கு (மீந்த பின்களைச் சாய்க்கும் இரண்டாம் வீச்சுக்கு) மட்டும் இரண்டையும் தொடாதீர்கள், ஒரு சாதாரண பிளாஸ்டிக் பந்து வாங்கி நேராகப் போடுங்கள். பத்தாம் பின்னுக்கு ஆயிலைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்காது.

கடைக்குப் போகும்போது உங்கள் வேகம், சுற்று எண்ணிக்கை, வீடியோ, பழைய பந்து, இவற்றோடு நீங்கள் ஆடும் சென்டரில் எத்தனை அடி ஆயில் போடுகிறார்கள் என்பதையும் கேட்டு எழுதி எடுத்துப் போங்கள். ஆயில் விவரத்தைக் கவுன்டரில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். பழைய பந்தைத் துடைக்காமல் ஆயில் வளையங்களோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. துளை போடுகிறவருக்கு உங்கள் அச்சு எங்கே இருக்கிறது என்பதை அந்த வளையங்களே காட்டிவிடும்.